தொடாதார் கஸ்பாரின் குதிக்கால்

கொட்டாஞ்சேனையில் எங்கள் சந்தில் பட்டப்பெயர் இல்லாமல் தப்பிய மனிதர்கள் குறைவு. ட்ராம் ஓட்டிய கஸ்பாருக்குக் கிடைத்த பெயர் 'தொடாதார்'. ஏதோ தீட்டுப் பார்க்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தொடாமல் இருந்தது சாராயத்தை மட்டும்.

கலியாணமான புதிதில் அவரும் ஊரோடு ஒத்துக் குடித்தவர்தான். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து, சந்துக்காரர் தண்ணீர் எடுக்கிற பைப்படிக்குப் போவார். அந்த நடையை அவர் மனைவி செலீன் மறக்கவே இல்லை. பிறகு மகள் டோரின், நடை பழகுகிற வயதில், காய்ச்சலில் விழுந்தாள். டொக்டர் கையை விரித்துவிட்டார். கஸ்பார் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு ஓடினார். சுரூபத்தின் முன்னால் விழுந்து, கோவிலில் நின்ற அத்தனை பேரும் கேட்க, "பிள்ளையைத் தாரும். இனி இந்தக் கையால சாராயத்தைத் தொடமாட்டன்" என்று சத்தியம் பண்ணினார். பிள்ளை பிழைத்தது.

வேறு யாராவது சொல்லியிருந்தால் குடிக்கமாட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். கஸ்பார் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் ஒரு சொல்லைச் சொன்னால் அதன் எலும்பையும் நரம்பையும் சேர்த்தே சொல்லியிருப்பார். கலியாண வீட்டில் கிளாசுகள் வைத்த தட்டத்தை அடுத்தவருக்குக் கடத்தச் சொன்னால், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "நீங்களே எட்டி எடுங்க" என்பார். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் போதையில் தன் போத்தலைத் தெருவில் விட்டுவிட்டு, அதைக் கொஞ்சம் எடுத்துத் தரச் சொன்னார். கஸ்பார் குனியவில்லை. போத்தலைக் காலால் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டுபோய் அந்த மனுஷனின் வாசலில் சேர்த்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான் தொடாதார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் மதிப்பும் இருந்தது. செலீனுக்கோ மதிப்பு மட்டுமல்ல, கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பைப்படியில் மற்றப் பெண்கள் தங்கள் புருஷன்மாரைப் பற்றி அழும்போது, இவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடப்பாள். அந்த நடைக்கு ஊரில் வேறு பெண்கள் ஏங்கினார்கள் என்பது உண்மை.

ட்ராம் ஓட்டுகிறவருக்கு அந்தக் காலத்தில் இருக்கை கிடையாது. முன்தட்டில் நின்றபடியே ஓட்ட வேண்டும். கைகள் இரண்டுக்கும் வேறு வேலை உண்டு. மணி அடிப்பது காலின் பொறுப்பு. தட்டில் ஒரு இரும்புக் குமிழ் துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் குதிக்காலால் ஓங்கி மிதித்தால் கீழே மணி கத்தும். கிராண்ட்பாஸ் பக்கம் பரவாயில்லை. புறக்கோட்டைக்குள் நுழைந்துவிட்டால் மூட்டை சுமக்கும் நாட்டாமைகள், மாட்டு வண்டிகள், ரிக்ஷாக்கள், தண்டவாளத்தின் மேலேயே நின்று விலை பேசுகிற கனவான்கள். மணி அடிக்காமல் ஒரு முழம் நகர முடியாது. கஸ்பார் வருடக்கணக்காக அந்தக் குமிழை ஒரே காலால் மிதித்தார்.

ஒரு மழைக்காலத்தில் அந்த வலது குதிக்கால் நோகத் தொடங்கியது. விசித்திரமான நோவு அது. படுத்து எழும்பிக் காலைத் தரையில் வைத்தால், குதியின் அடியில் ஆணி இறக்கியது போலக் குத்தும். எதையாவது பிடிக்காமல் முதல் அடிகளை வைக்க முடியாது. நடக்க நடக்க இளகும். பைப்படிக்குப் போய் முகம் கழுவி வருவதற்குள் பாதி போய்விடும். வேலைக்குப் புறப்படும்போது மனுஷன் நேராக நடப்பார். சாப்பிட உட்கார்ந்து எழும்பினால் மறுபடியும் ஆணி.

செலீனின் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. கட்டில், சுவர், தள்ளாட்டம், பைப்படி. பழைய நடை அப்படியே திரும்பி வந்திருந்தது.

"என்ன, திரும்பத் தொடங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"குதிக்கால் நோகுது, செலீன்."

அவர் வேலைக்குப் புறப்பட்டபோது அவள் வாசலில் நின்று பார்த்தாள். கஸ்பார் சந்து முனைவரை ஒரு நொண்டலும் இல்லாமல் போனார். பின்னேரம் அவர் வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னாள்:

"நோவெண்டால் நாள் முழுக்க நோக வேணும். விடிய வந்து, எட்டு மணிக்கு லீவு எடுத்துக்கொண்டு போற நோவை நான் கேள்விப்பட்டதில்லை."

"எனக்கும் விளங்கயில்லை. ஆனா அப்பிடித்தான் நோகுது."

எட்டு மணிக்கு லீவு எடுக்கிற நோவு. இந்தக் கதை பைப்படிக்கு வந்ததும் நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். நன்றாகச் சொன்னாள் என்று அவளைத்தான் மெச்சினோம். வாய்க்கு ருசியான சொல்லை யாரும் இலேசில் துப்பிவிட மாட்டார்கள்.

கஸ்பார் ஒரு லீவு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு நர்ஸம்மா குதியை அமுக்கிப் பார்த்தாள். அவர் துள்ளினார். "நின்றுகொண்டே வேலை செய்யிறீங்களா?" என்று கேட்டாள். ட்ராமையும் மணியையும் சொன்னார். பாதத்தின் அடியில் ஓடுகிற தசைநார் குதியில் பிடித்திருக்கிற இடத்தில் புண்பட்டிருக்கிறது, இரவில் அது இறுகிப்போகிறது, காலையில் முதல் அடி வைக்கும்போது இழுபடுகிறது, அதனால்தான் அப்படிக் குத்துகிறது என்று பொறுமையாக விளக்கினாள்.

"கட்டிலால இறங்க முதல் ஒரு துணியைப் பாதத்தில கொழுவி, விரல்களை உங்கட பக்கம் இழுத்துப் பிடிங்க. ஒரு போத்தலுக்குச் சுடுதண்ணி விட்டு, உள்ளங்காலுக்குக் கீழ வைச்சு உருட்டுங்க. வெறுங்காலோட சீமெந்தில நிக்காதீங்க. மணிக்கு மற்றக் காலையும் பழக்குங்க. நாளைக்கே சுகம் வராது. மாசக்கணக்கில விடாமல் செய்ய வேணும்."

இதை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம்பாதவளிடம் மருந்து விவரம் சொல்லி என்ன பயன், முதலில் சுகமாகட்டும், பிறகு நடந்து காட்டுவோம் என்று வீம்பு. அவர் செய்த பிழை என்றால் அந்த வீம்பைத்தான் சொல்வேன்.

ட்ராமில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் நின்றார். இடது காலால் மணி அடிக்கப் பழகினார். போத்தலுக்குத்தான் சிக்கல். மருந்துப் போத்தல் மெல்லியது, மிதித்தால் உடையும். சோடாப் போத்தலுக்குக் கழுத்து நெரிந்திருக்கும், சரியாக உருளாது. கூட ஓட்டிய பியதாச என்ற சிங்கள மனுஷன் ஒரு சாராயப் போத்தலைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். அடியில் கொஞ்சம் சாராயம் மிச்சம் இருந்தது. அதற்குள் கர்ப்பூரக் கட்டி போட்டிருந்தான்.

"அய்யே, முதல்ல இதைக் குதியில தேய்ச்சு முடிங்க. பிறகு போத்தலை உருட்டுங்க. ரெண்டும் சேர்ந்தால்தான் நோவு போகும்" என்றான். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன்.

தேய்ப்பது நர்ஸம்மா சொன்னதில்லை. ஆனால் நோவுக்காரனுக்கு யார் சொல்வதும் வேதவாக்குத்தான். கஸ்பார் போத்தலைக் கடதாசியோடு பிடித்துக்கொண்டு, ஒரு குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி, போத்தலுக்குள் தோய்த்து, கைபடாமல் குதியில் தடவினார். இந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிந்ததும் என்னவோ செய்யும். குச்சி அமுக்கத்துக்குப் போதவில்லை. ஒரு விடியற்காலை, செலீன் பூசைக்குப் போயிருந்த நேரம், நோவு தாங்காமல் உள்ளங்கையில் ஊற்றி, குதியைப் பிடித்து அழுத்தித் தேய்த்துவிட்டார்.

தேய்த்த பிறகுதான் கையைப் பார்த்தார். இந்தக் கையால் என்று சொன்ன கை. சவர்க்காரம் போட்டுக் கழுவினார். போத்தலையும் கழுவி, சுடுதண்ணீர் ஊற்றிக் காலால் உருட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

செலீன் வந்து கூட்டும்போது விளக்குமாறு போத்தலில் முட்டியது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருடைய நாள். வீட்டுப் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அவள் போத்தலைத் தூக்கி மணந்து பார்த்தாள். கழுவியும் போகாத சாராய வாசம், அதற்கு மேலே கர்ப்பூரம்.

"வாசத்தை மறைக்கக் கர்ப்பூரமும் வாங்கினீங்களா?"

"அது காலுக்கு."

"வாய்க்கு வேண்டியதெல்லாம் இப்ப காலுக்கா? கதை வேண்டாம். இஞ்ச வாங்க. அந்தோனியார் முன்னால நிண்டு சொல்லுங்க. தொட்டீங்களா, இல்லையா?"

குடித்தீங்களா என்று கேட்டிருந்தால் இல்லை என்று இடிபோலச் சொல்லியிருப்பார். அவள் கேட்டதோ சத்தியத்தில் இருந்த அந்தச் சொல்லை. கஸ்பார் படத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"தொட்டனான்" என்றார். "ஆனா..."

செலீன் அந்த 'ஆனா'வுக்குக் காத்திருக்கவில்லை. டோரின் அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். அவளைக் கூட்டிக்கொண்டு, ஒரு றங்குப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு, வெள்ளவத்தையில் இருந்த அக்கா ரெஜினாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். எங்களுக்கும் ஒன்றைத்தான் சொல்லிவிட்டுப் போனாள்: "வாயாலேயே ஒத்துக்கொண்டார்." அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? ஒரு மனுஷன் பொய் சொல்லித் தப்பியதைப் பார்த்திருக்கிறேன். உண்மை சொல்லிக் கெட்டவர் எங்கள் சந்தில் இவர் ஒருவர்தான்.

அவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியவே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, புறக்கோட்டையில் வெள்ளவத்தை பஸ் ஏறினார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்வது என்று தீர்மானம். வழியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தே போனார். அதுதான் வினை. இறங்கியதும் குதியில் ஆணி ஏறிவிட்டது. ரெஜினாவின் ஒழுங்கையில் மதிலைப் பிடித்துப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து வந்தார். செலீன் ஜன்னலால் பார்த்தாள்.

"ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயேவா!" என்றாளாம். கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டாள். கஸ்பார் கொஞ்ச நேரம் தட்டினார். உள்ளே டோரின் அழுதாள். தெருவில் ஆட்கள் நின்று பார்க்கத் தொடங்கியதும் அவர் திரும்பி நடந்தார். நடக்க நடக்கக் கால் இளகியது. திரும்பிப் போகும்போது நேராகத்தான் போனார். ஆனால் அதைப் பார்க்க ஜன்னலில் யாரும் இல்லை.

அன்று பின்னேரம் கஸ்பாரைச் சாராயத் தவறணை வாசலில் பார்த்தோம். முன்பு யாருடைய போத்தலைக் கஸ்பார் உருட்டிக்கொண்டு போனாரோ, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் திடுக்கிட்டுக் கேட்டார்: "என்ன கஸ்பார், நீங்களா?"

"பேரை வாங்கியாச்சு, அண்ணே. சரக்கை வாங்காமல் விட்டால் நட்டம்" என்றார் கஸ்பார். கையை நீட்டிக் கிளாசை வாங்கினார்.

அதன்பிறகு தொடாதார் என்று யாரும் கூப்பிடவில்லை. போத்தல் உருட்டுவதையும் துணி கொழுவி இழுப்பதையும் அவர் விட்டுவிட்டார். யாருக்காகச் சுகமாக வேண்டும் என்றுதான் கேட்பார். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய காலத்தில் ஒருநாள் மணி அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் ட்ராமை விட்டார். யாருக்கும் அடிபடவில்லை, ஒரு வண்டி மாடு மிரண்டதோடு போயிற்று. ஆனாலும் அவரை ஓட்டுவதிலிருந்து எடுத்து, ட்ராம்களைக் கழுவிவிடும் வேலையில் போட்டார்கள். குதிக்கால் நோவில் அடிக்கவில்லையா, சாராயத்தில் மறந்தாரா என்று அவரே சொல்லமாட்டார்.

செலீன் வெள்ளவத்தையில் ஒரு நூல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையிலிருந்து பின்னேரம்வரை சீமெந்துத் தரையில், வெறுங்காலோடு, மெஷினுக்கு முன்னால் நின்றாள். அந்தச் சம்பளத்தில்தான் டோரினைப் படிப்பித்து, கிருலப்பனையில் ஒரு நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாள். கலியாணத்துக்குக் கஸ்பாருக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவர் வந்து குடித்துவிட்டு நின்றால் மானம் போகும் என்று பயம். அப்போது அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது என்பதுதான் கொடுமை.

யுத்தம் முடிகிற காலம். ஒரு காலை செலீன் பாயிலிருந்து எழும்பி முதல் அடியை வைத்தாள். குதியில் ஆணி இறங்கியது. கை தன்பாட்டில் சுவரைத் தேடிப் பிடித்தது. அவள் ஒன்றையும் யோசிக்கவில்லை. முள் குத்தியிருக்கும் என்று காலைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு காயமும் இல்லை. ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் நோவு போய்விட்டது. மறுநாளும் அப்படி. அதற்கு அடுத்த நாளும் அப்படி.

கடைசியில் ஆலையின் மருந்துச்சாலையில் இருந்த அப்போதிக்கரியிடம் காலைக் காட்டினாள். அவர் பெயர் இஸ்ஸதீன், வயசான சோனக மனுஷர்.

"விடிய எழும்பினதும் தானே கூட நோகுது? நடக்க நடக்கக் குறையுமே?" என்று அவர் கேட்டார்.

செலீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, கேக்குறது விளங்குதா?"

"எட்டு மணிக்கு லீவு எடுக்கும்" என்றாள் செலீன்.

இஸ்ஸதீன் சிரித்தார். "சரியாச் சொன்னீங்க. பயப்பட வேணாம், சுகமாகும். துணியால விரலை இழுங்க. தடிச்ச செருப்பொண்டு போட்டு நில்லுங்க. ஒரு போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி, காலுக்கடியில வெச்சு உருட்டுங்க."

"என்ன போத்தல்?"

"என்ன போத்தலா இருந்தா என்ன? சாராயப் போத்தல் நல்லம் எண்டு சொல்லுவாங்க. கனதி, உடையாது."

செலீன் வாங்குப் பலகையிலிருந்து எழும்பினாள். உட்கார்ந்து எழும்பியதால் கால் குத்தியது. சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். வாசலில் நின்ற பெண்கள் என்ன என்று கேட்டதற்கு, "என்ட மனுஷன் காலுக்கெண்டு தான் சொன்னவர். காலுக்கெண்டு தான் சொன்னவர்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். இவ்வளவும் பிற்காலத்தில் பைப்படியில் அவள் வாயால் நாங்கள் கேட்டது. சொல்லும்போதெல்லாம் அழுவாள். அவளோடு சேர்ந்து நாங்களும் அழுதோம். சிரித்த கடனும் எங்களுக்கு இருந்தது.

அந்த வாரமே அதே றங்குப்பெட்டியோடு கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். கஸ்பார் வீட்டில் இருந்தார். நரைத்து, வீங்கி, வேறு ஆளாக இருந்தார். அவர் அவளைத் திட்டவில்லை. "வா" என்றார். பிறகு, "டோரின் சுகமா?" என்றார்.

செலீன் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"அண்டைக்கு ஆனா எண்டு என்னவோ சொல்ல வந்தீங்க. இப்ப சொல்லுங்க. நான் கேக்கிறன்."

கஸ்பார் நீண்ட நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் அவள் சொல்கிறாள்.

"மறந்து போச்சு, செலீன்."

அடுத்த நாள் காலை அவர் கட்டிலால் இறங்கி, சுவரைப் பிடித்துத் தள்ளாடினார். இது குதிக்காலா, சாராயமா என்று செலீனால் சொல்ல முடியவில்லை. முன்பு தெரியாததைத் தெரிந்ததாக நினைத்தாள். இப்போது எல்லாம் தெரிந்த பிறகு இது தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அவரைத் திரும்ப உட்கார வைத்து, துணியைப் பாதத்தில் கொழுவி விரல்களைத் தன் கையாலேயே இழுத்துப் பிடித்தாள். வீட்டில் போத்தலுக்குப் பஞ்சம் இல்லை. ஒன்றைக் கழுவி, சுடுதண்ணீர் ஊற்றி, அவர் உள்ளங்காலுக்குக் கீழே வைத்து உருட்டினாள். பிறகு தன் காலுக்கும் உருட்டினாள். யாரோ ஒரு பியூன் போட்டுப் பழசான தோல் செருப்புச் சோடி ஒன்றை வாங்கி, உள்ளே கம்பளித் துண்டு வைத்துத் தைத்து, வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுத்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். ஒரு காலைப்பொழுதுகூடத் தவறாமல் இதைச் செய்தாள். குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வாய் வரவில்லை என்பாள்.

மாசங்கள் போயின. செலீனின் கால் முதலில் சுகமானது. பிறகு ஒருநாள் விடிய, கஸ்பார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலது காலைத் தரையில் மெல்ல வைத்தார். அழுத்தினார். இன்னும் அழுத்தினார். குதியால் தரையில் ஓங்கி மிதித்தார், பழைய மணியை அடிக்கிறது போல.

"செலீன், நோகயில்லை" என்றார். "ஒரு சொட்டும் நோகயில்லை!"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது.

பிறகு கஸ்பார் எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பைப்படிக்குப் போனார்.